பெட்டிக்குள் யார்?

செங்கல்பட்டிலிருந்து நண்பர் போன் செய்தார். ராத்திரி பத்தரை மணி. அந்த நேரத்தில் கூப்பிடுகிறவர் இல்லை.

''சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பையன் ஒரு கேம் டவுன்லோடு பண்ணான். அவ்வளவுதான் சார் பண்ணான். இப்ப அவன் இன்ஸ்டாகிராம்லேருந்து சொந்தக்காரங்க எல்லாருக்கும் 'அவசரம், பணம் அனுப்பு'ன்னு மெசேஜ் போவுது. என் தங்கச்சி எட்டாயிரம் அனுப்பிட்டா.''

பையனைப் பேசச் சொன்னேன். ப்ளஸ் டூ படிக்கிறான். குரலே வரவில்லை. மெல்ல மெல்லச் சொன்னான். கூட விளையாடும் நண்பன் ஒருவன், ''நானே ஒரு கேம் பண்ணியிருக்கேன்டா, ட்ரை பண்ணிப் பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லு'' என்று ஒரு லிங்க் அனுப்பினானாம். இவன் இறக்கி, க்ளிக் செய்திருக்கிறான். திரை ஒரு தடவை மினுக்கியது. கேம் வரவில்லை. 'சரி, ஓடலை போல' என்று விட்டுவிட்டான். அனுப்பியது நண்பனே அல்ல, நண்பனின் கணக்கைத் திருடியவன் என்பது பிறகுதான் தெரிந்தது. விஷயம் புரிந்தும், அப்பா திட்டுவாரே என்று இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அந்த இரண்டு நாளில்தான் அத்தையின் எட்டாயிரம் போனது.

அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது 250 வருஷத்துக்கு முந்தைய ஒரு பெட்டி ஞாபகத்துக்கு வந்தது.

*

1770. வியன்னா. மகாராணி மரியா தெரசாவின் அரண்மனை. வுல்ஃப்காங் வான் கெம்பலன் என்ற ஹங்கேரி நாட்டு அதிகாரி ஒரு விசித்திரமான இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். மூன்றரை அடி நீளமுள்ள மரப்பெட்டி. மேலே சதுரங்கப் பலகை. பெட்டிக்குப் பின்னால் தலைப்பாகை, அங்கி சகிதம் ஆளுயர பொம்மை ஒன்று. அதற்குத் 'துருக்கியன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கெம்பலன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். பல் சக்கரங்கள், உருளைகள். பின்கதவைத் திறந்து மெழுகுவத்தியைப் பிடித்தார். இந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தது. 'பாருங்கள், உள்ளே யாரும் இல்லை.' கதவுகளை மூடிச் சாவி கொடுத்தார். பொம்மை கையை நீட்டிக் காயை நகர்த்தியது. எதிரே உட்கார்ந்தவர் தோற்றார். அடுத்தவரும் தோற்றார்.

அந்தப் பெட்டி ஐரோப்பாவையே சுற்றி வந்தது. 1783ல் பாரிஸில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் அதனுடன் ஆடினார். 1809ல் நெப்போலியன் ஆடினார். வேண்டுமென்றே தப்பாட்டம் ஆடி அதைச் சீண்டினார் என்றும், மூன்றாவது முறை துருக்கியன் கோபத்துடன் காய்களைத் தட்டிவிட்டது என்றும் சொல்வார்கள்.

உள்ளே ஆள் இருந்தார். நல்ல சதுரங்க ஆட்டக்காரர். சக்கரம் வைத்த இருக்கையில் உட்கார்ந்திருப்பார். இந்தக் கதவு திறந்தால் அந்தப் பக்கம் சறுக்குவார், அந்தக் கதவு திறந்தால் இந்தப் பக்கம். எல்லாக் கதவையும் காட்டினார்கள் என்று ஜனங்கள் நினைத்தார்கள். ஒரே நேரத்தில் காட்டவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. உள்ளே வெளிச்சத்துக்கு மெழுகுவத்தி. அதன் புகை பொம்மையின் தலைப்பாகை வழியாக வெளியேறும். புகை தெரியாமலிருக்க பெட்டிக்கு மேலேயும் மெழுகுவத்திகளை ஏற்றி வைத்திருந்தார்கள். 1854ல் ஃபிலடெல்ஃபியா தீ விபத்தில் பெட்டி எரிந்துபோன பிறகு, 1857ல்தான் கடைசி உரிமையாளரின் மகன் ரகசியத்தை முழுசாக எழுதினார். ஊகங்கள் இடையில் எத்தனையோ வந்தன. ஆனால் உண்மை முழுதாக வெளியே வர 87 வருஷம்.

இந்தக் கதைக்கும் செங்கல்பட்டுப் பையனுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய. விளையாட்டு என்று சொல்லி ஒரு பெட்டியை வீட்டுக்குள் அனுப்பினால் மனிதன் அதைத் தட்டிப் பார்க்கமாட்டான். ஆசையாகத் திறப்பான். இந்த உண்மை கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே சிலருக்குத் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் முதல் வேலையாக அதை உபயோகித்தார்கள்.

*

1974ல் அமெரிக்காவில் ஜான் வாக்கர் என்ற ப்ரோக்ராமர் 'அனிமல்' என்ற விளையாட்டை எழுதினார். நீங்கள் மனசுக்குள் ஒரு மிருகத்தை நினைத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் கேள்வி மேல் கேள்வி கேட்டு அது என்னவென்று கண்டுபிடிக்கும். அந்தக் காலத்து யூனிவாக் இயந்திரங்களில் ஓடியது. விளையாடிப் பார்த்தவர்கள் எல்லாம், 'எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பு' என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொருவருக்கும் காந்த நாடாவில் பதிந்து தபாலில் அனுப்பி அலுத்துப்போனார் வாக்கர்.

1975 ஜனவரியில் குறுக்கு வழி கண்டுபிடித்தார். 'பெர்வேட்' என்று ஒரு குட்டி ப்ரோக்ராமை எழுதி விளையாட்டோடு ஒட்டினார். நீங்கள் மிருகத்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது சத்தமில்லாமல் உங்களுக்கு அனுமதியுள்ள எல்லா இடத்திலும் 'அனிமல்' விளையாட்டைக் காப்பி செய்து வைத்துவிடும். யாராவது நாடாவை எடுத்துக்கொண்டு வேறு அலுவலகம் போனால் அதுவும் கூடவே போகும்.

வாக்கர் நல்ல மனிதர். பழைய காப்பியை அழிக்கும்போதுகூட வேறு எதையும் தொடாதபடி ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருந்தார். எதுவும் கெடவில்லை. பின்னாளில் ஆட்டோடெஸ்க் கம்பெனியைத் தொடங்கிப் பெரிய ஆள் ஆனார். ஆனால் வழி திறந்துவிட்டது. வெளியே விளையாட்டு, உள்ளே வேறு வேலை. உலகம் முதன்முதலில் கண்ட இப்படிப்பட்ட ப்ரோக்ராம்களில் ஒன்று ஒரு அப்பாவி விடுகதை ஆட்டம்!

அடுத்தவர் அவ்வளவு அப்பாவி இல்லை. வயசு என்னவோ 15தான். ரிச் ஸ்க்ரென்ட்டா, பென்சில்வேனியாவில் பள்ளிக்கூடப் பையன். ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் வைத்திருந்தான். நண்பர்களுக்கு கேம் ஃப்ளாப்பி கொடுப்பான். கொடுப்பதற்கு முன்னால் அதில் ஏதாவது குறும்பு செய்து வைப்பான். விளையாடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று கேலி வாசகம் வரும், ஆட்டம் நின்றுபோகும். ரெண்டு மூணு தடவை பட்டதும் நண்பர்கள் உஷாராகிவிட்டார்கள். 'உன் ஃப்ளாப்பியே வேண்டாம் சாமி.'

ஃப்ளாப்பியைக் கையால் தொடாமலேயே குறும்பு செய்வது எப்படி என்று யோசித்தான். 1982ல் பிறந்தது 'எல்க் க்ளோனர்'. இந்த ஃப்ளாப்பியைப் போட்டு மெஷினை ஆரம்பித்தால் அது நினைவகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்து எந்த ஃப்ளாப்பியைப் போட்டாலும் அதிலும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு 50வது முறை ஆரம்பிக்கும்போதும் திரையில் ஒரு கேலிக் கவிதை வரும். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வீட்டுக் கம்ப்யூட்டர்களில் தானாகப் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்று என்ற பெருமை அதற்கு உண்டு.

ஒன்றை கவனியுங்கள். அன்றும் கொடுத்தவன் நண்பன்தான். 'விளையாடிப் பார்' என்றுதான் கொடுத்தான்.

*

இனி நம்ம பக்கம் வருவோம்.

1986ல் லாகூரில் பாசித், அம்ஜத் என்ற இரண்டு சகோதரர்கள் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதியது 'ப்ரெய்ன்'. ஐ.பி.எம். வகை பி.சி.களைத் தாக்கிய முதல் வைரஸ். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகக் காப்பி எடுப்பவர்களைப் பிடிக்கவே எழுதினோம் என்று சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், வைரஸுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் போட்டிருந்தார்கள்! உலகெங்கிலுமிருந்து போன் வந்து திணறிப்போனார்கள்.

இந்த ரக வைரஸ்கள் ஃப்ளாப்பியின் முதல் பகுதியில் ஒளிந்துகொண்டு ஊர் ஊராகப் போகும். 90களில் தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செருப்பை வெளியே கழற்ற வேண்டும், ஏ.சி. ரூம், பிளாஸ்டிக் உறை போட்ட மெஷின். 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா', 'டேஞ்சரஸ் டேவ்', 'பாரனாய்ட்'. யாரும் எதையும் கடையில் வாங்கியதில்லை. ஃப்ளாப்பியில் வரும், ஃப்ளாப்பியில் போகும். செருப்பை வெளியே விடச் சொன்ன சென்டர்காரர், சட்டைப் பாக்கெட்டில் இருந்த ஃப்ளாப்பியை வெளியே விடச் சொல்லவில்லை!

தூசு உள்ளே வந்தால் வைரஸ் வரும் என்று நம்பியவர்களும் இருந்தார்கள். சிரிக்காதீர்கள். உண்மையான தடுப்பு ஒன்று ஃப்ளாப்பியின் மூலையிலேயே இருந்தது. சின்னதாக ஒரு பிளாஸ்டிக் தாழ்ப்பாள். அதைத் தள்ளிவிட்டால் அந்த ஃப்ளாப்பியில் எதையும் எழுத முடியாது, வைரஸும் ஏற முடியாது. அதை உபயோகித்தவர்கள் எத்தனை பேர்?

நோய் வந்தால் வைத்தியரும் வருவார் இல்லையா? 1991ல் சென்னையில் கேசவர்தனன் என்ற இளைஞர் 'கே7' என்ற ஆன்டிவைரஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் செய்த அந்த மருந்து பிற்பாடு ஜப்பானில் பெரிய அளவில் விற்றது. நிறுவனம் இன்று இருக்கும் சோழிங்கநல்லூர், ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்தான். பிறகு காஞ்சிபுரத்தில் சேர்ந்து, 2018ல் சென்னைக்குள் போனது.

*

இந்த இடத்தில் விளையாட்டுக்காரர்களுக்கு நியாயம் செய்யவேண்டும். 'ஓசியில் ஆடிப் பார்' என்பது எப்போதுமே கோல்மால் இல்லை. 1993 டிசம்பர் 10ம் தேதி 'டூம்' வந்தது. அதைச் செய்தவர்கள் முதல் பாகத்தை இலவசமாக விட்டார்கள். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் காப்பி எடுத்துக் கொடுங்கள், பிடித்திருந்தால் மிச்சத்துக்குக் காசு கொடுங்கள் என்றார்கள். 'ஷேர்வேர்' என்று பெயர். துணிக்கடையில் போட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி. கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 'டெமோ' என்பது தொழிலின் பகுதியாகவே ஆனது.

நல்ல வழி என்று ஒன்று வந்தால் அதே வழியில் திருடனும் வருவான். 1998ல் தைவானில் சென் இங்-ஹாவ் என்ற மாணவர் எழுதிய 'சி.ஐ.ஹெச்.' வைரஸ் பரவிய விதத்தைப் பாருங்கள். திருட்டு மென்பொருள் கும்பல்களிடம் முதலில் தொற்றியது. 'சின்' என்ற விளையாட்டின் டெமோ, ஒரு டவுன்லோடு தளத்திலிருந்து வைரஸோடு இறங்கியது. ஐரோப்பாவில் கேம் பத்திரிகைகள் இலவசமாகக் கொடுத்த சி.டி.யிலும் அது இருந்தது. பல மாதம் சும்மா இருந்தது. 1999 ஏப்ரல் 26, செர்னோபில் அணு உலை விபத்தின் நினைவு நாள். அன்று காலை மெஷினை ஆன் செய்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்க்கின் தலைப்பகுதி காலி. சில மெஷின்களில் மதர்போர்டின் சிப்பையே அழித்ததால், திரை கறுப்பாகவே நின்றது. கொரியா, துருக்கி, இந்தியா என்று பல நாடுகளில் அலுவலகங்கள் ஸ்தம்பித்தன.

பிறகு வந்தது நம்ம ரிச்சி ஸ்ட்ரீட், பர்மா பஜார் யுகம். ஒரே சி.டி.யில் இருபது கேம். 'ரோட் ராஷ்', 'வைஸ் சிட்டி'. கூடவே 'க்ராக்' என்று ஒரு ஃபைல். அதோடு ஒரு குறிப்பு இருக்கும்: காப்பி செய்வதற்கு முன் ஆன்டிவைரஸை நிறுத்திவிடவும்!

திருட வருகிறவன், 'வாட்ச்மேனைக் கொஞ்சம் தூங்கச் சொல்லுங்க' என்று வாசலில் நின்று கேட்கிறான். நாமும் எழுந்து போய் வாட்ச்மேனுக்குத் தலையணை கொடுக்கிறோம். சில க்ராக் ஃபைல்களில் வைரஸ் இருக்காது, ஆன்டிவைரஸ் சும்மா கத்தும் என்பதும் நிஜம். அதனால்தான் ஆபத்து. 'சும்மாதான் கத்துது' என்று நமக்குப் பழகிவிட்டது.

2021ல் அவாஸ்ட் நிறுவனம் ஒரு பூதத்தை வெளியே இழுத்துப் போட்டது. பெயர் 'க்ராக்கோனோஷ்'. ஜி.டி.ஏ. 5 போன்ற பிரபல விளையாட்டுகளின் திருட்டுப் பதிப்புகளில் ஒளிந்திருந்தது. ஆன்டிவைரஸை அதுவே அழித்துவிடும். பிறகு உங்கள் கரண்ட், உங்கள் மெஷினில் யாருக்கோ டிஜிட்டல் நாணயம் தோண்டிக் கொடுக்கும். 2,22,000 கம்ப்யூட்டர்களுக்கு மேல். 20 லட்சம் டாலர் சம்பாத்தியம். அதிகம் மாட்டிய நாடுகளில் நாமும் உண்டு. மாட்டியவர்கள் கண்டது ஒன்றே ஒன்றுதான்: மெஷின் மெதுவாகிவிட்டது, ஃபேன் சத்தம் அதிகம்.

துருக்கியனின் தலைப்பாகையிலிருந்து வந்த புகை!

*

'திருட்டு கேம் ஆடினால்தானே வம்பு, நான் ஒழுங்கான ஆள்' என்று சொல்பவர்களுக்கும் கதை இருக்கிறது.

2016 ஜூலை. 'போக்கிமான் கோ' சில நாடுகளில் மட்டும் வெளியானது. இந்தியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்தது டிசம்பரில்தான். அதுவரை பொறுக்க யாரால் முடியும்? எங்கிருந்தோ 'ஏ.பி.கே.' ஃபைலை இறக்கினார்கள். விளையாட்டு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, உளவு மென்பொருள் ஒட்டிய போலிப் பதிப்பை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தது, கம்ப்யூட்டருக்கும் கேம் மெஷின்களுக்கும். மொபைலுக்கு வரவே இல்லை. வராத மொபைல் பதிப்பை, கூகுள் ப்ளே மாதிரியே இருந்த போலித் தளத்தில் விநியோகித்தார்கள். நிறுவினால் போனில் உள்ளவற்றைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 2023 ஜூனில் 'மைன்கிராஃப்ட்'டுக்கு ரசிகர்கள் செய்யும் கூடுதல் அம்சங்களில், நம்பகமான தளங்களிலேயே, திருட்டு ப்ரோக்ராம் புகுந்தது. அதை உபயோகிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு.

சரி, பெரிய கடையிலேயே வாங்கிவிடுவோம் என்கிறீர்களா? உலகத்தின் மிகப்பெரிய பி.சி. விளையாட்டுக் கடை 'ஸ்டீம்'. 2025 பிப்ரவரியில் அங்கே 'பைரேட்ஃபை' என்ற இலவச விளையாட்டு வந்தது. உள்ளே கடவுச்சொல் திருடி. ஒரு வாரத்துக்குள் தூக்கிவிட்டார்கள். இறக்கியவர்களுக்கு, 'விண்டோஸையே அழித்துப் புதிதாகப் போடுவது பற்றி யோசியுங்கள்' என்று கடையே கடிதம் எழுதியது. அதே வருஷம் 'பிளாக்பிளாஸ்டர்ஸ்'. ஜூலை கடைசியில் வந்தபோது சுத்தமாக இருந்தது. ஆகஸ்ட் கடைசியில் ஒரு அப்டேட் வந்தது. அதில்தான் விஷம். புற்றுநோய் சிகிச்சைக்காக இணையத்தில் நேரலையாக விளையாடிப் பணம் திரட்டிக்கொண்டிருந்த ஒருவர், சுமார் 32,000 டாலரை இழந்தார். பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.

இவ்வளவு ப்ரோக்ராம் இருக்க, விளையாட்டை ஏன் குறிவைக்கிறார்கள்? கணக்குப் பார்த்தால் புரியும். விளையாடுபவர் மெஷின் சக்தி வாய்ந்தது. விளையாட்டு பெரிய ஃபைல், உள்ளே எதை ஒளித்தாலும் தெரியாது. நிறுவும்போது விண்டோஸ், 'இது உங்கள் கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்யலாமா?' என்று கேட்டால் யோசிக்காமல் 'யெஸ்' அழுத்துவோம். எல்லாவற்றுக்கும் மேல், ஆடுகிறவர் பல சமயம் சின்னப் பையன். மாட்டிக்கொண்டால் வீட்டில் சொல்லமாட்டான். திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

'பாஸ்வேர்டு நான் யாருக்கும் சொல்லலையே' என்று அந்தப் பையன் அழுதான். சொல்லத் தேவையில்லை. ஒரு தளத்தில் நீங்கள் உள்ளே நுழைந்ததும் அது உங்கள் பிரவுசரில் 'குக்கி' என்று ஒரு சின்ன அடையாளச் சீட்டை வைக்கிறது. பொருட்காட்சிக்குள் போனால் கையில் முத்திரை குத்துவார்களே, அது மாதிரி. முத்திரை இருந்தால் மறுபடி டிக்கெட் கேட்கமாட்டார்கள். இந்தத் திருட்டு ப்ரோக்ராம்கள் அந்த முத்திரையையே காப்பி எடுத்துக்கொண்டு போகின்றன. பல சமயம் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓ.டி.பி.யும் வேண்டாம். எல்லாம் திரை ஒரு தடவை மினுக்குகிற நேரத்தில் முடிந்துவிடும்.

*

என்னதான் செய்வது? விளையாட்டே வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்கமாட்டார்கள். செங்கல்பட்டிலிருந்து கிளம்பி மாமல்லபுரம் வரை ஒரு நடை போய்வந்தால் பதில் கிடைக்கும்.

பூஞ்சேரி. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது இங்கேதான். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் இடம் மாறி மாமல்லபுரம் வந்தது. 186 நாடுகள். நம்ம 16 வயது குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் ஜெயித்து, முதல் பலகைக்கான தங்கப் பதக்கம் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்து உலக சாம்பியன்.

அந்த அரங்கத்தில் ஆட்டக்காரர் கைபேசியோடு உட்கார முடியாது. ஸ்மார்ட் வாட்ச் கூடாது. சோதனை எல்லோருக்கும் உண்டு, அன்றைய உலக சாம்பியன் கார்ல்சனாக இருந்தாலும் சரி. யாரும் அதை அவமானமாக நினைக்கவில்லை. துருக்கியன் சொல்லிக்கொடுத்த பாடம்: ஆட்டத்தை ரசிக்க வேண்டுமானால் பெட்டிக்குள் வேறு யாரும் இல்லை என்பது முதலில் உறுதியாகவேண்டும். சந்தேகப்படுவது விளையாட்டுக்கு விரோதம் இல்லை. விளையாட்டின் முதல் விதியே அதுதான்.

அப்படியே கடற்கரைப் பக்கம் வாருங்கள். பஞ்சபாண்டவர் ரதம் என்கிறோம். பாண்டவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரதமும் இல்லை, பாறையைக் குடைந்த பல்லவர் கோயில்கள். இன்னும் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் கோட்டை இருக்கும் ஊர். அட, ஊருக்கே செஸ் பெயரா என்று துள்ளவேண்டாம். சம்புவராயர் காலத்தில் அது ராஜநாராயணன் பட்டினம். பிறகு சதிரவாசகன் பட்டினம். அது வாயில் புரண்டு சதுரங்கப்பட்டினம் ஆனது என்பார்கள். பெயரைப் பார்த்து முடிவு கட்டாதே என்பதற்கு இந்தக் கடற்கரையைவிட நல்ல வாத்தியார் கிடையாது. இணையத்திலும் அதேதான். ஒரே ஒரு எழுத்து மாறிய முகவரி, அச்சு அசல் அதே படம். தேடினால் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். விளையாட்டைச் செய்தவரின் சொந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்து கடைக்குப் போவதே நேர் வழி.

புது விளையாட்டு என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். பைரேட்ஃபை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பொறுத்தவன் தப்பித்தான். செய்தவர் இதற்கு முன் என்ன செய்திருக்கிறார், எத்தனை பேர் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஓசியில் ஆடிப் பார்க்க நல்ல வழிகள் தாராளமாக இருக்கின்றன. பல கம்பெனிகள் டெமோ தருகின்றன. ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கினாலும், 14 நாளைக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். 2015லிருந்து இது நடைமுறை. பழைய டாஸ் விளையாட்டுகளை 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் எதையும் இறக்காமல் பிரவுசருக்குள்ளேயே ஆடலாம். பிரவுசர் என்பது வேலி போட்ட மைதானம். உள்ளே ஓடுவது உங்கள் ஃபைல்களைச் சுலபத்தில் தொட முடியாது. செஸ் வேண்டுமா? 'லிச்செஸ்' இருக்கிறது. காசு இல்லை, விளம்பரம் இல்லை. அதன் நிரல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்து கிடக்கிறது. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் பெட்டி!

இறக்கித்தான் ஆகவேண்டும் என்றால் 'வைரஸ்டோட்டல்' தளத்தில் அந்த ஃபைலைக் கொடுங்கள். பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதித்துச் சொல்லும். எல்லாம் பச்சை என்றால் நூறு சதவிகிதம் பத்திரம் என்று அர்த்தமில்லை, கெம்பலனின் மெழுகுவத்தி ஞாபகம் இருக்கட்டும். சிவப்பு வந்தால் நகர்ந்துவிடுங்கள். பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய ஜிப் ஃபைலாக வந்தால் தொடவே வேண்டாம். சோதனைக்காரர் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்குத்தான் பெரும்பாலும் அந்தப் பூட்டு. 'ஆன்டிவைரஸை நிறுத்து' என்று எங்கே எழுதியிருந்தாலும் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

பையனுக்கு விண்டோஸில் அட்மின் அதிகாரம் இல்லாத தனிக் கணக்கு போட்டுக் கொடுங்கள். வங்கி வேலையை வேறு கருவியில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸின் 'ப்ரோ' பதிப்பில் 'சாண்ட்பாக்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. மூடினால் உள்ளே நடந்தது அத்தனையும் அழிந்துபோகும் தற்காலிக அறை. சந்தேகமான சின்ன ப்ரோக்ராம்களை அங்கே ஓட்டிப் பார்க்கலாம். பெரிய கிராஃபிக்ஸ் விளையாட்டுக்கு அது சரிப்படாது. முக்கியமான போட்டோக்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுத்து, கழற்றி வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மாட்டிக்கொண்டால்? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, 'எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்துங்கள். திருடன் கையில் இருக்கும் முத்திரை அழிந்துவிடும். பணம் போயிருந்தால் உடனே 1930க்கு போன். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் முடக்க வாய்ப்பு இருக்கிறது. இங்கே ஒவ்வொரு மணி நேரமும் காசு.

அதனால்தான் செங்கல்பட்டு நண்பரிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். ''பையனைத் திட்டாதீங்க. 1809ல நெப்போலியனே பொம்மைகிட்ட ஏமாந்தவரு. பையன் ஏமாந்தது ரெண்டு நிமிஷம். உங்களுக்குப் பயந்து வாய மூடிட்டு இருந்தது ரெண்டு நாள். பணம் போனது அந்த ரெண்டு நாள்லதான்.''

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ''தம்பி, சாப்ட்டியாடா?'' என்று அவர் உள்ளே பார்த்துக் கேட்டது காதில் விழுந்தது.